முதுகுக்குப் போகும் நஞ்சு

குவாம் தீவின் பவளப்பாறைகளில் சினுலேரியா என்றொரு மென்பவளம் வளர்கிறது. கல் பவளத்துக்கு இருப்பதுபோல் கெட்டியான சுண்ணாம்புக் கூடு இதற்குக் கிடையாது. ஓடி ஒளியவும் முடியாது. இருந்தும் பெரும்பாலான மீன்கள் இதன் பக்கம் போவதில்லை. சதையில் ஊறியிருக்கும் டெர்பீன் வகைச் சேர்மங்களே காரணம். கற்பூர நெடியும் வேப்பங்கசப்பும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். இவற்றைத் தயாரிப்பது பவளமா, அதனுள் குடியிருக்கும் நுண்பாசியா என்ற கேள்வி நெடுங்காலம் இருந்தது. டெர்பீன் செய்யும் மரபணுக்கள் பவளத்திடமே இருப்பதை 2022இல் இரண்டு அமெரிக்க ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே காட்டின.

மீன் ஒதுக்கும் இந்தப் பவளத்தைத் தின்றே பிழைக்கிறது ஃபில்லோடெஸ்மியம் குவாமென்ஸ் என்ற கடல் நத்தை. லார்வாவாக இருக்கும்போது ஓடு உண்டு. பிறகு அதை உதறிவிடும். முதுகு முழுக்க விரல் விரலாகச் சதை நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு விரலுக்குள்ளும் செரிமானச் சுரப்பியின் கிளை ஒன்று ஓடுகிறது. சூட்சுமம் இங்கேதான்: தின்றது வயிற்றோடு நிற்காமல் முதுகுவரை போகிறது.

இந்த நத்தையை ஆராய்ந்து 1998இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, அது கிடைத்ததையெல்லாம் சேர்த்துவைப்பதில்லை என்றது. பவளத்திலிருந்து அது பிரித்தெடுத்துச் சேமிப்பது 11-பீட்டா-அசிடாக்சிபுக்கலைடு என்ற டெர்பீனை. அதிகம் இருப்பதும் விரல்களில், அதாவது மீனின் வாய் முதலில் படும் இடத்தில். அதே சேர்மத்தை இரையில் கலந்து கொடுத்தபோது பேத்தை மீன்கள் தின்னத் தயங்கின. கரீபியக் கடலில் விசிறிப் பவளத்தை மேயும் ட்ரிட்டோனியா ஹாம்னெரோரம் என்ற குட்டி நத்தையும் இப்படித்தான் இரையின் நஞ்சைத் தனதாக்கிக்கொள்கிறது.

குவாம் நத்தையின் நெருங்கிய உறவுகள் பலவற்றுக்கு வேறு வழி. அவை கடல் சாமந்தி போன்றவற்றைத் தின்று, அவற்றின் கொட்டும் உறுப்புகளை வெடிக்காமல் காப்பாற்றி, தம் விரல் நுனிப் பைகளில் வைத்துக்கொள்கின்றன. எனக்கு அதுவே பெரிய சாகசமாகத் தோன்றுகிறது. ஃபில்லோடெஸ்மியம் அதைக் கைவிட்டுவிட்டது. மென்பவளத்தின் கொட்டும் உறுப்புகள் வலுவற்றவை. எடுத்துவைத்தும் பெரிய பயன் இல்லை. அதன் வேதிப்பொருள்தான் உருப்படியான சரக்கு.

ஃபில்லோடெஸ்மியம் பேரினத்து நத்தைகளில் பல, சீண்டினால் சில விரல்களை உதிர்த்துவிட்டு நகர்ந்துவிடும். உதிர்ந்தவை கொஞ்ச நேரம் நெளியும். கவ்விய மீனுக்குக் கிடைப்பது நஞ்சு ஏறிய துண்டு. போன விரல் மறுபடி முளைக்கும். அதற்குள் ஏற்ற வேண்டிய நஞ்சுக்கு நத்தை மீண்டும் பவளத்தைத்தான் மேய வேண்டும்.