காணும் கண்ணாடியும் காணப்படுவோர் உரிமையும்

மூக்குக்கண்ணாடி பார்வை குறைந்தவர்களுக்குத் துணையாக ஏற்பட்ட கருவி. உலகத்தை அது நமக்குத் தெளிவாகக் காட்டிற்றேயன்றி, நாம் கண்டதைப் பிறருக்குச் சொல்லியதில்லை. இப்போது கடைகளில் விற்பனைக்கு வந்திருக்கும் ‘ஸ்மார்ட்’ கண்ணாடியோ அவ்வாறு வாய்மூடியிருக்கும் கருவியன்று. அதன் முகப்பில் ஒரு சிறு காமிரா உண்டு. காதோரத்தில் ஒலிபெருக்கி உண்டு. பேச்சைப் பிடித்துக்கொள்ளும் மைக்குகளும் உண்டு. அணிந்தவர் கண்டதை அது படமாக்குகிறது. எதிரே தோன்றும் பொருள் யாதென்று அவர் வினவினால் விடையும் கூறுகிறது. அதிசயமான கருவிதான், சந்தேகமில்லை. ஆயினும், அணிபவருக்கு உண்டாகும் லாபத்தைக் கணக்கிடும்போதே, அவர் எதிரில் நிற்பவருக்கு உண்டாகும் நஷ்டத்தையும் கணக்கிடுவது நமது கடமையாகும்.

இக்கருவியின் சரித்திரம் சிறியதேயாயினும் படிப்பினை நிறைந்தது. அமெரிக்கக் கம்பெனியாகிய கூகிள் 2012-ம் வருஷத்தில் இத்தகைய கண்ணாடியொன்றை உலகுக்கு அறிவித்தது. 2013-ல் பொறுக்கி எடுத்த சிலருக்கு 1,500 டாலர் விலையில் அதைக் கொடுத்தது. ஜனங்கள் அதை எப்படி வரவேற்றார்கள்? சில மதுக்கடைகளும் உணவு விடுதிகளும் அதை அணிந்து உள்ளே வரலாகாதென்று தடுத்தன. அணிந்தோருக்கு அந்நாட்டார் ஒரு வசைப்பெயரும் சூட்டினர். 2015 ஜனவரியில் அவ்விற்பனை நிறுத்தப்பட்டது. பின்னர் தொழிற்சாலை முதலிய இடங்களின் வேலைக்கென்று செய்யப்பட்ட வகையும் 2023-ல் நின்றுபோயிற்று.

அதே 2023-ம் வருஷத்தில் மெட்டா கம்பெனியும் ஐரோப்பியக் கண்ணாடிக் கம்பெனியாகிய எஸ்ஸிலார்லக்ஸாட்டிகாவும் சேர்ந்து, 2021-ல் தாம் வெளியிட்ட ரே-பான் கண்ணாடியைத் திருத்தி மறுபடியும் வெளியிட்டன. இதன் விலை 299 டாலரில் தொடங்கிற்று. 2025 பிப்ரவரிக்குள் இருபது லட்சத்துக்கு மேல் விற்றுவிட்டதாக அறிவிக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் நமது தேசத்துக்கும் 29,900 ரூபாய் முதலான விலையில் வந்து சேர்ந்தது. முன்னது தோற்றதற்கும் பின்னது வென்றதற்கும் விலை மட்டுமா காரணம்? முன்னது அணிந்தவரை நூறு பேர் நடுவிலும் காட்டிக்கொடுத்தது. பின்னதோ சாதாரணக் குளிர்கண்ணாடியைப் போலவே தோன்றுகிறது. மறைந்திருப்பதே அதன் வெற்றிக்குரிய இரகசியங்களுள் ஒன்று. நமது அச்சமும் அங்கேதான் பிறக்கிறது.

இக்கருவியை முற்றிலும் வெறுத்துத் தள்ளுவோர் கட்சியில் நாம் சேர்ந்தவரல்லர். கண்ணில்லாதவர்க்கு இது செய்யக்கூடிய உபகாரத்தை எண்ணிப் பாருங்கள். டென்மார்க்கு தேசத்தில் தோன்றி 2015-ல் வெளிவந்த ‘பீ மை ஐஸ்’ என்னும் ஏற்பாட்டில், பார்வையற்றவர் தமது கைப்பேசியின் காமிராவைத் திருப்பிக் காட்ட, எங்கோ இருக்கும் பார்வையுள்ள தொண்டர் ஒருவர் எதிரே உள்ளதைப் படித்துச் சொல்கிறார். 2024-ல் அந்த உதவி மெட்டாவின் கண்ணாடியிலும் கிடைக்கலாயிற்று. ஒரு கையில் கோலும் மறு கையில் பையும் பிடித்துச் செல்லும் பார்வையற்றவருக்கு, கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்க மூன்றாவது கை ஏது? மருந்துப் புட்டியின் பெயரையும், வரும் பஸ்ஸின் எண்ணையும், கதவு திறந்திருப்பதையும் காதோடு சொல்லும் கண்ணாடி அவருக்கு விளையாட்டுச் சாமானன்று; பிறர் தயவை நாடாமல் நடமாடும் சுதந்திரமேயாகும். காது கேளாதவருக்குப் பிறர் பேச்சைக் கண்முன் எழுத்தாகக் காட்டும் கண்ணாடிகளும் தோன்றியிருக்கின்றன. இவற்றைத் தடுப்பது பாவமென்றே நாம் கூறுவோம்.

நிற்க. படமெடுக்கும் கருவியைக் கண்டு மக்கள் அஞ்சியது இன்று நேற்றன்று. 1888-ல் ஈஸ்ட்மன் என்பவரின் கோடக் காமிரா சாமானியர் கைக்கு வந்தது. 1890 டிசம்பரில், வாரன், பிராண்டைஸ் என்னும் இரு அமெரிக்க வக்கீல்கள் ஹார்வர்டு சட்டப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வரைந்து, நொடியிற் படம்பிடிக்கும் கருவியும் வம்புப் பத்திரிகைகளும் மனிதனுடைய அந்தரங்கத்தைச் சூறையாடுகின்றனவென்றும், தன்னைத் தனியே விட்டுவிடும்படி கோர மனிதனுக்கு உரிமை உண்டென்றும் வாதித்தனர். உலகம் அந்தக் காமிராவோடு வாழப் பழகிக்கொண்டது. ஏனெனில், காமிராவானாலும் கைப்பேசியானாலும் படமெடுப்பவர் கையைத் தூக்கவேண்டும். தூக்கிய கையே ஓர் அறிவிப்பு. அதைக் கண்டவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். ‘எடுக்காதீர்’ என்று தடுக்கவும் செய்யலாம். கண்ணாடியில் அந்த அறிவிப்பு இல்லை. நம்மைப் பார்ப்பவர் பார்க்கிறாரா, பதிகிறாரா என்பதை நாம் அறிய வழியில்லை.

அதற்காகத்தான் ஒரு சிறு விளக்கு வைத்திருக்கிறோம் என்று கம்பெனியார் கூறுவர். 2021-லேயே இத்தாலி, அயர்லாந்து தேசங்களின் தகவல் பாதுகாப்பு அதிகாரிகள், அவ்வளவு சிறிய விளக்கு பிறருக்குப் போதிய அறிவிப்பாகுமோவென்று வினவினர். பின்பு வந்த கண்ணாடியில் விளக்கு பெரிதாக்கப்பட்டது. அதை மூடினால் படமெடுக்க இயலாதபடி தடையும் வைக்கப்பட்டது. ஆனால் 2025-ல், கூலி வாங்கிக்கொண்டு அவ்விளக்கையே செயலறச் செய்து கொடுப்பவர் அமெரிக்காவில் புறப்பட்டுவிட்டனர். பூட்டு செய்பவன் ஒருவனிருந்தால் கள்ளச்சாவி செய்பவன் ஒருவன் இருப்பான் அன்றோ?

விளக்கு எரிந்தாலும் தீராத அபாயம் ஒன்றுண்டு. 2024-ல் ஹார்வர்டு மாணவர் இருவர், இக்கண்ணாடியின் காமிராவையும், முகத்தைக் கொண்டு ஆளைத் தேடும் இணையச் சேவையையும், செயற்கை அறிவையும் ஒன்றாக இணைத்தனர். வழியிற் கண்ட அந்நியரின் பெயரும் பிற விவரங்களும் சிறிது நேரத்தில் அவர்கள் கைக்கு வந்தன. உலகத்தை எச்சரிப்பதே தங்கள் நோக்கமென்று கூறி, அதைச் செய்யும் நிரலை அவர்கள் வெளியிடாது நிறுத்தினர். எல்லாரும் அவ்வாறு நிறுத்துவார்களா? பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்ணின் பெயரையும் வீட்டையும், எதிர்ச்சாரியில் நிற்கும் முரடன் ஒரு நோக்கினால் அறிந்துகொள்ளும் காலம் வருமாயின், அவளுக்கு வீதி எப்படிச் சொந்தமாகும்? மெட்டா கம்பெனி 2021-ல் தனது பேஸ்புக்கில் முகமறியும் ஏற்பாட்டை நிறுத்தி, நூறு கோடிக்கு மேற்பட்டோரின் முகக்குறிப்புகளை அழிப்பதாக அறிவித்தது, நல்ல காரியந்தான். ஆனால் கம்பெனி தானாக நிறுத்தியதைத் தானாகவே மறுபடியும் தொடங்கலாம். சட்டம் தடுத்ததையே அது தொடங்க முடியாது.

பதிந்த படம் எங்கே போகிறதென்பது அடுத்த கேள்வி. கண்ணாடியிலுள்ள செயற்கை அறிவிடம் காட்டிக் கேட்கப்படும் படங்களை அவ்வறிவின் பயிற்சிக்கு உபயோகிக்கலாமென்று, அமெரிக்கா, கனடா விஷயமாக, அக்கம்பெனி 2024-ல் ஒப்புக்கொண்டது. குரற்பதிவைச் சேமிக்கவேண்டாமென்று அணிபவர் மறுக்கக்கூடிய வசதியும் 2025-ல் நீக்கப்பட்டது. ஒவ்வொன்றாகத் தேடி அழித்துக்கொள்வதே மிச்சமான வழி. அந்நாளில் நமது பருத்தி கப்பலேறிச் சென்று துணியாகத் திரும்பிவந்து நமக்கே விலைக்கு விற்கப்பட்டது. இன்று நமது வீதிகளும் முகங்களும் பேச்சுக்களும் அப்படியே கச்சாப்பொருளாகிவிட நாம் சம்மதிக்கலாமா? பருத்தி கொடுத்தவனுக்குச் சொற்ப விலையாவது கிடைத்தது. முகம் கொடுப்பவனுக்கோ, கொடுத்த செய்தியே தெரியாது.

நமது தேசத்துச் சட்டம் என்ன சொல்கிறது? 2017 ஆகஸ்டு 24-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று தீர்ப்பளித்தனர். 2023-ல் எண்முறைத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஆனால் ஒருவர் தமது சொந்த அல்லது குடும்ப உபயோகத்துக்காகத் திரட்டும் தகவலுக்கு அச்சட்டம் பொருந்தாது. கம்பெனியைச் சட்டம் கட்டுமெனினும், தமது படம் எடுக்கப்பட்டதையே அறியாதவர் சம்மதம் கொடுப்பது எங்ஙனம்? மறுப்பதுதான் எங்ஙனம்? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவும், பாரதீய நியாய சம்ஹிதையின் 77-ம் பிரிவும் உடலின் மறைவிடங்களையும் ஸ்திரீகளின் அந்தரங்கச் செய்கைகளையும் படமெடுப்பதைத் தண்டிக்கின்றன. அவை அவசியமானவை. எனினும் வைத்தியர் அறையிற் காத்திருக்கும் நோயாளியையும், வகுப்பிலிருக்கும் குழந்தையையும் அவை காப்பதில்லை.

பொது இடத்துக்கு வந்தவருக்கு அந்தரங்கம் ஏதென்று கேட்பாருமுண்டு. கடைத்தெருவில் நூறு பேர் நம்மைப் பார்க்கிறார்கள். வீடு சேருமுன் மறந்தும் விடுகிறார்கள். அந்த மறதியின் நிழலில்தான் மனிதன் சுதந்திரமாக நடமாடுகிறான். மறவாத கண்ணை அந்த நூறு கண்களோடு ஒன்றாக எண்ணுவது நியாயமன்று.

சாமானியன் கையிலுள்ள காமிரா அதிகாரத்தின் அக்கிரமத்தை வெளிப்படுத்துகிறதே, அதைக் கட்டுப்படுத்தலாமா என்பது இன்னொரு ஆட்சேபம். இதை நாம் அற்பமாகத் தள்ளவில்லை. 2020 மே மாதத்தில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் பிளாய்டு என்பவரைப் போலீஸ்காரர் கொன்றதை, வீதியில் நின்ற பதினேழு வயதுப் பெண்ணொருத்தி பிடித்த படமே உலகறியச் செய்தது. ஆனால் அவள் கைப்பேசியை எல்லாரும் காண உயர்த்திப் பிடித்தே படமெடுத்தாள். சாட்சி வேறு, ஒற்றன் வேறு. சாட்சி தன்னை மறைப்பதில்லை. சாட்சியின் உரிமையைக் காப்பதற்காக ஒற்றனுக்கு உரிமைச்சீட்டு வழங்கவேண்டியதில்லை.

ஆதலின் நாம் கோருவது தடையன்று, வரம்பே. பதிவு நடக்கும்போது எவருக்கும் தெரியும்படியான ஒளியோ ஓசையோ இருத்தல் வேண்டும். அதைச் செயலறச் செய்வதும், அதற்கு உதவுவதும் குற்றமாகவேண்டும். ஜப்பானிலும் தென்கொரியாவிலும் கைப்பேசிகள் படமெடுக்கையில் ஓசை எழுப்பும்படி செய்திருப்பது இதற்கு முன்மாதிரி. அந்நியர் முகத்தைக் கொண்டு அவர் யாரென்று அறியும் வித்தை, அவருடைய சம்மதமின்றி எந்தக் கண்ணாடியிலும் இடம்பெறலாகாது. அணிந்தவர் கொடுத்த சம்மதத்தை, எதிரே நின்றவர் கொடுத்ததாகக் கம்பெனிகள் கொள்ளலாகாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பெண்கள் விடுதி, நீதிஸ்தலம் ஆகிய இடங்களில் பதிவை நிறுத்தும்படி கோரும் அதிகாரம் அவற்றை நடத்துவோருக்குத் தெளிவாக இருக்கவேண்டும். பார்வையற்றவர்க்கோ எங்கும் வழிகாட்டுதல் கிடைக்கவேண்டும். வழிகாட்டுவதற்குப் படத்தைப் பார்த்தாற் போதும், சேமித்து வைக்க வேண்டுவதில்லை.

இவ்வரம்புகளை விதிப்பது இப்போதே எளிது. கண்ணாடி சிலர் முகத்தில் மட்டும் இருக்கும்வரை வழக்கம் இறுகவில்லை. ஒவ்வொரு முகத்திலும் ஏறிவிட்டபின், வழக்கமே சட்டமாகிவிடும். நமது ஜனப்பிரதிநிதிகள் இதைப் பணக்காரர் விளையாட்டென்று எண்ணி வாளாவிருத்தல் தகாது. கண்ணாடி வாங்குவோர் சிலரே. அதன் எதிரில் நிற்கப்போகிறவர்கள் நாமெல்லோரும்.