முத்துக்கென்று ஒரு தோணி இல்லை

அரிப்புச் சலாபத்தைப் பற்றி எழுதியவர்கள் முத்தை எழுதினார்கள், குளியாளை எழுதினார்கள், கவர்னர் நோர்த் கட்டிய டொரிக் மாளிகையையும் எழுதினார்கள். இவ்வளவு பேரையும் பாருக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்த தோணியைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. சிலாவத்துறையிலும் அரிப்பிலும் இன்றைக்குப் புதுப் போட்டு வாங்க யோசிக்கிறவர்களுக்கு அந்தத் தோணியின் கதை தேவைப்படும் என்று நினைக்கிறேன்.

முத்துக் குளிக்கவென்றே கட்டிய தோணி என்று ஒன்று இங்கே பெரும்பாலும் இருக்கவில்லை. கடல் அடங்கியிருக்கும் பெப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை சில கிழமைகள்தான் சலாபம். அதுவும் எல்லா வருடமும் வராது. 1891க்குப் பிறகு 1903 வரை குளிப்பே நடக்கவில்லை. பன்னிரண்டு வருடம் கரையில் கிடக்கவா ஒரு சம்மாட்டி காசைக் கொட்டித் தோணி கட்டுவார்? கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் என்று பல துறைகளிலிருந்தும் வந்தவை மற்ற மாதங்களில் அரிசியும் தேங்காயும் ஓடும் ஏற்றித் திரிந்த சரக்குத் தோணிகள்.

அவற்றை மாற்றிய விதம்தான் கெட்டித்தனம். ஜேம்ஸ் கோர்டினர் 1807இல் வெளியிட்ட நூலில் இதைப் பார்க்கலாம். ஒரு தோணியில் தண்டயல் ஒருவர், குளியாட்கள் 10 பேர், தண்டு வலிக்கவும் கயிறு இழுக்கவும் 13 பேர். குளிகற்கள் ஐந்தே ஐந்து. ஐந்து பேர் குளிக்க, மற்ற ஐந்து பேர் இளைப்பாறுவார்கள். அந்தக் கற்களைத் தொங்கவிடத் தோணியிலே ஆணியடித்துப் பொருத்திய சட்டம் எதுவுமில்லை. வந்தபோது வலித்த தண்டுகளையும் கொஞ்சம் மரங்களையும் குறுக்கே வைத்து, இருபக்கமும் வெளியே நீட்டிக் கட்டிவிடுவார்கள். வேலை முடிந்ததும் அவிழ்த்தால் அது மறுபடி தண்டு. சரக்குக்கென்று திறந்து விட்ட வயிற்றிலே சிப்பி குவியும். எஞ்சின் காற்றுத்தான்: இரவில் கரைக்காற்றோடு போய், பகல் திரும்பக் கடற்காற்றோடு வருவார்கள்.

இதற்கு எதிர்மாதிரியும் உண்டு. பேராசிரியர் ஹெர்ட்மன் 1902இல் வந்து பார்களை ஆராய்ந்தார். அடுத்தடுத்து நல்ல சலாபங்கள் நடந்தன. அந்த நம்பிக்கையில் 1906இல் ஒரு கம்பனி வருடத்துக்கு 310,000 ரூபா வீதம் 20 வருடக் குத்தகை எடுத்தது. சிப்பி பொய்த்தது, குத்தகைக் காலம் முடியுமுன்பே கம்பனியும் கலைந்தது. சரக்குத் தோணிக்காரருக்கு அப்படியொரு இக்கட்டில்லை. அவருக்கு அரிசிச் சாக்கு இருந்தது.

இப்ப எங்கட கரைக்கு வருவோம். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட சனம் தொழிற்சாமான்களை விட்டுத்தான் போனது. புத்தளத்தில் இருபது வருடம் இருந்து திரும்பியபோது கண்ணாடிநார்ப் போட்டும் வெளியெஞ்சினும்தான் தொழில் என்று ஆகிவிட்டிருந்தது. நல்ல போட்டுத்தான், இலேசானது, நாலு பேர் சேர்ந்தால் கரையேற்றலாம். ஆனால் மண்ணெண்ணெயை நம்பிய போட்டு. 2022 ஓகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது பலருடைய போட்டு மணலிலேயே நின்றது. பாய் கட்டலாமே என்று வெளியிலிருந்து சொல்வது இலேசு. அடியில் ஏரா இல்லாத போட்டில் பாயைக் கட்டினால் அது முன்னே போவதைவிடக் காற்றடிக்கும் பக்கமாக வழுக்கும். பாய்மரத்தைத் தாங்கக் குறுக்குப் பலகையிலும் அடியிலும் பலமும் இல்லை.

இதெல்லாம் கட்டும்போதே சேர்த்தால் பெரிய செலவில்லை. அச்சிலே நார் படியவிடும் நேரத்தில் பாய்மரம் நிற்குமிடத்துக்கு இரண்டு படை கூடுதலாகப் போடச் சொல்லலாம். பக்கவாட்டில் இறக்கி ஏற்றும் பலகைக்கு ஒரு கொளுவி கேட்கலாம். வலை வளைக்கிற நாளில் பின்பக்கம் வெறுமையாக வேண்டும். சங்கு, அட்டைக்குப் போகிற நாளில் சிலிண்டர்கள் உருளாமல் நிற்க வேண்டும். ஆகவே தட்டுப் பலகைகள் கழற்றக்கூடியவையாக இருப்பது நல்லது. நான் கண்ட ஓர் உதவித் திட்டத்தில் பயனாளியிடம் கேட்டது எத்தனை அடி என்ற ஒரே கேள்வி. எந்தெந்த மாதம் என்னென்ன தொழில் என்று கேட்டிருந்தால், வருடம் முழுக்க உழைக்கிற போட்டை அவரே வரைந்து காட்டியிருப்பார்.