ஊசி இல்லாத எடை குறைப்பு மாத்திரை: ஆன்லைனில் வாங்கும் முன் நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை

ஜுமுஆ முடிந்து வெளியே வரும்போது ஒரு சகோதரர் நம்மை ஓரமாக அழைத்துச் சென்று போனைக் காட்டினார். தங்கை மகளுக்கு இன்னும் மூன்று மாதத்தில் நிகாஹ். மாப்பிள்ளை துபாயில் இருக்கிறார். பெண் கொஞ்சம் பருமன் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. ஆன்லைன் மருத்துவத் தளம் ஒன்றில் வயது, உயரம், எடை எல்லாம் நிரப்பினால், ஊசி இல்லாமல் மாத்திரையாகவே எடை குறைப்பு மருந்து வீடு தேடி வந்துவிடும் என்றார். "ஹஜ்ரத், இது ஹலால்தானா? பன்றி சம்பந்தம் ஏதும் இருக்கா? அதை மட்டும் சொல்லுங்க" என்பதுதான் அவர் கேள்வி.

அதற்கான பதில் சுருக்கமானது. ஒரு காலத்தில் இன்சுலின் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. அந்த அச்சம் நம் மக்களிடம் இன்றும் இருக்கிறது. இந்த மாத்திரையில் உள்ள செமாகுளுடைட் அப்படி எடுக்கப்படுவதல்ல. ஈஸ்ட் நுண்ணுயிரின் உதவியுடன் ஆலையில் தயாராவது. ஜெலட்டின் உறை போட்ட கேப்சூலும் அல்ல, சாதாரண மாத்திரைதான். ஆனால் அவர் கேட்காமல் விட்ட கேள்விகள் இதைவிடப் பெரியவை.

முதலில் மருந்து என்னவென்று பார்ப்போம். நாம் சாப்பிட்டதும் குடலில் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. அது கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுகிறது, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது, மூளைக்குப் 'போதும்' என்று தகவல் தருகிறது. செமாகுளுடைட் அந்த ஹார்மோனைப் போலவே வேலை செய்வது. வாரம் ஒருமுறை போடும் ஊசியாகத்தான் அது முதலில் வந்தது. இதே மருந்தை விழுங்கினால் வயிற்று அமிலம் அழித்துவிடும் என்பதால், அதைக் காத்து இரைப்பைச் சுவர் வழியே உள்ளே செலுத்தும் ஒரு துணைப்பொருளைச் சேர்த்து மாத்திரையாக்கினார்கள். அப்படியும் விழுங்கியதில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் இரத்தத்தில் சேர்கிறது.

அதனால்தான் இதைச் சாப்பிடும் முறை கறாரானது. காலையில் வெறும் வயிற்றில், 120 மில்லிக்கு மேற்படாத, அதாவது அரை டம்ளர் தண்ணீரில் விழுங்க வேண்டும். அதன் பிறகு அரை மணி நேரம் தேநீர், காபி, வேறு மாத்திரை எதுவும் கூடாது. சுப்ஹுக்கு எழுந்ததும் விழுங்கிவிட்டு, தொழுது, திக்ரு முடித்துத் தேநீர் குடிப்பவர்களுக்கு இது எளிது. காபி முகத்தில்தான் கண்ணே திறப்பேன் என்பவர்கள் நம் தஞ்சை மாவட்டத்தில் நிறைய. அவர்களுக்குக் காசு வீண். இதை உடைக்கவும் கூடாது, மெல்லவும் கூடாது. அக்காவும் தங்கையும் பாதி பாதி பங்கு போடும் மாத்திரை அல்ல இது. ஈரக்காற்று படக்கூடாது என்பதால், சபரிலிருந்து வரும் உறவினர் அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டுத் தருவதையும் வாங்காதீர்கள்.

இந்த மாத்திரை ரைபெல்சஸ் என்ற பெயரில் 2022 ஜனவரியில் இந்தியச் சந்தைக்கு வந்தது. 3, 7, 14 மில்லிகிராம் அளவுகளில், இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கான மருந்தாக வந்தது. எடை குறைப்பு மருந்தாக அல்ல. சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளில் 14 மில்லிகிராம் அளவுக்குச் சுமார் 4 கிலோ குறைந்தது. விளம்பரங்களில் சொல்லப்படும் 15 சதவீத எடைக் குறைவு, 2023இல் வெளியான ஆய்வில் 50 மில்லிகிராம் மாத்திரையை 68 வாரம் சாப்பிட்டவர்களுக்குக் கிடைத்தது. எடை குறைப்புக்கென்றே 25 மில்லிகிராம் மாத்திரைக்கு அமெரிக்கா அனுமதி தந்தது 2025 டிசம்பரில்தான். அந்தக் கணக்கைக் காட்டி இந்த மாத்திரையை விற்பது சரியல்ல. உடல் பருமனைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணிகள் சட்டம் தடை செய்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது.

இப்போது அந்த மணப்பெண்ணின் கணக்கைப் பார்ப்போம். இந்த மருந்து உடலை விட்டு நீங்க வாரக்கணக்கில் ஆகும். ஆகவே கருத்தரிக்க எண்ணும் பெண் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. நிகாஹ் முடிந்ததும் "விசேஷம் உண்டா" என்று கேட்பது நம் வீடுகளின் வழக்கம். மூன்று மாதத்தில் இரண்டைக் கழித்தால் மிச்சம் ஒரு மாதம். முதல் மாதம் தருவது 3 மில்லிகிராம். அது வயிற்றைப் பழக்குவதற்கான தொடக்க அளவு மட்டுமே. ஆக, அவள் குமட்டலை அனுபவித்து முடிக்கும்போது மருந்தை நிறுத்த வேண்டிய நாள் வந்துவிடும். எடை குறையாது. இதற்கு ஆயிரக்கணக்கில் செலவு! நிறுத்தாமல் தொடர்ந்தாலோ, கரு தரித்தால் அந்தக் குழந்தையின் விஷயத்தில் துணிச்சல் காட்டியதாக ஆகும்.

படிவத்தில் இதற்கான கேள்வி இருந்தது. கருத்தரிக்கும் எண்ணம் உண்டா என்பதற்கு எதிரே 'இல்லை' என்று குறித்திருந்தார்கள். குடும்பத்தில் தைராய்டு புற்றுநோய் உண்டா, கணைய வீக்கம் வந்ததுண்டா, வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா எல்லாவற்றுக்கும் 'இல்லை'தான். யார் நிரப்பியது என்று கேட்டோம். பெண்ணின் தம்பியாம்! மருந்து கிடைக்க வேண்டும் என்பதற்காக மருத்துவரிடம் சொல்லும் பொய்யும் பொய்தான் என்பதை மார்க்கம் படித்தவர் என்ற முறையில் சொல்லத்தான் வேண்டும். இந்தப் பொய்யின் பாரம் எழுதியவன் மேல் அல்ல, அந்தப் பெண்ணின் உடல் மேல் விழுகிறது. தைராய்டு புற்றுநோயில் மெடுல்லரி என்ற வகை குடும்பத்தில் இருந்தால் இம்மருந்து அறவே கூடாது. தைராய்டு குறைவுக்கான மாத்திரையும் வெறும் வயிற்றில் சாப்பிடுவது. இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் சர்க்கரை மாத்திரைகளைச் சாப்பிடும் பெரியவர்கள் அதையும் மறைக்கக் கூடாது. சில வகைச் சர்க்கரை மாத்திரைகளுடனும் இன்சுலினுடனும் இது சேர்ந்தால் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம்.

ஆன்லைன் மருத்துவமே தவறு என்று நாம் சொல்லவில்லை. அதிராம்பட்டினத்திலிருந்தோ மதுக்கூரிலிருந்தோ வயதான தாயை பஸ்ஸில் தஞ்சாவூர் வரை அலைக்கழிப்பதைவிட வீடியோவில் மருத்துவரைப் பார்ப்பது மேல். மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவை இலவசமாகவே இருக்கிறது. 2020 மார்ச் 25இல் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, மருந்து எழுதுபவர் பதிவு பெற்ற மருத்துவராக இருக்க வேண்டும். மருந்துச் சீட்டில் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது. நேரில் பார்க்க வேண்டும் என்று மருத்துவரும் சொல்லலாம், நாமும் கேட்கலாம். படிவத்தை நிரப்பியதும், மருத்துவர் முகமே தெரியாமல் நேராகப் பணம் கட்டும் பக்கத்துக்குப் போனால் அது மருத்துவம் அல்ல, வியாபாரம்.

இதைப் படித்து, உண்மையிலேயே மருந்து தேவைப்படுபவர்கள் கூச்சப்பட்டு ஒதுங்கிவிடக் கூடாது. ஐசிஎம்ஆர் 2023இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது. மூன்று வேளையும் சோறு, வாரம் ஒரு வலீமா, வயலில் குனிந்த முதுகுகளுக்குப் பதில் இயந்திரம் என்று நம் டெல்டாவும் மாறிவிட்டது. உடல் நிறை குறியீடு 25ஐத் தாண்டினால் இந்தியர்களுக்கு அது பருமன். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 64 கிலோதான் அந்த எல்லை. பருமனோடு சர்க்கரை, இரத்த அழுத்தம், மூட்டு வலி என்று இருப்பவர் மருந்து சாப்பிடுவது சிகிச்சை, அழகுக்காகச் செய்வது அல்ல. அவரைச் சோம்பேறி என்று பேசுவது பாவம். ஆனால் நிறுத்தினால் எடை திரும்பும் என்பதை அவரும் தெரிந்துகொள்ள வேண்டும். செமாகுளுடைட் ஊசி போட்டு நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பி வந்ததை ஆய்வு காட்டியது.

ரமளானில் ஒரு விசித்திரம் உண்டு. ஊசி வேண்டாம் என்று மாத்திரைக்கு வருகிறோம். நோன்பாளிக்கோ ஊசிதான் எளிது. ஊட்டத்துக்காக அல்லாத ஊசி நோன்பை முறிக்காது என்று ஜித்தாவின் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1997இல் தீர்மானித்தது. மாத்திரை விழுங்கினால் நோன்பு முறியும். எனவே சஹருக்கு அரை மணி நேரம் முன்பே எழுந்து விழுங்க வேண்டும். அல்லது நோன்பு திறக்கும்போது அரை டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, மஃக்ரிப் தொழுதுவிட்டு அரை மணி நேரம் கழித்துக் கஞ்சிக்கு வர வேண்டும். எது பொருந்தும் என்பதை மருத்துவரிடம் ரமளானுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ரமளானில் புதிதாகத் தொடங்குவதோ அளவைக் கூட்டுவதோ வேண்டாம். குமட்டலும் வாந்தியும் வரும்போது பகல் முழுக்கத் தண்ணீரும் இல்லாவிட்டால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகை சூரா அல்பகராவின் 184, 185ஆம் வசனங்களில் இருக்கிறது. குணமான பின் களா செய்துகொள்ளலாம்.

அந்தச் சகோதரர் படிவத்தை அழித்துவிட்டு, தங்கையையும் மகளையும் தஞ்சாவூரில் ஒரு பெண் மருத்துவரிடம் அனுப்பினார். அவர் மாத்திரை எழுதவில்லை. முதலில் தைராய்டு, சர்க்கரை, இரத்தசோகைக்கான சோதனைகளை எழுதித் தந்தார். நிகாஹ் தேதியில் மாற்றமில்லை.