பழைய கணிப்பொறியும் நூறு விழுக்காடும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்ந்த கணிப்பொறியைத் தூக்கி எறிய மனம் வராத வீடுகளில், அது மெல்லத் தொலைக்காட்சிப் பெட்டியின் பக்கத்தில் போய் அமர்ந்துகொள்கிறது. திரைக்குப் போகும் கம்பி ஒன்று, ஒலிபெருக்கி இரண்டு, கம்பியில்லா விசைப்பலகை ஒன்று. வீட்டுத் திரையரங்கு தயார்! சில நாள் நன்றாகவே ஓடும். பிறகு படம் விக்கத் தொடங்கும். உதடு ஒருபுறமும் ஒலி ஒருபுறமும் போகும். விசிறி மாவு மில்லைப்போல் இரையும். திறந்து பார்த்தால் மையச் செயலகத்தின் பயன்பாடு நூறு விழுக்காடு என்றிருக்கும். உடனே "செயலகம் போய்விட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். இம்முடிவு பல நேரங்களில் தவறானது என்பதை நண்பர்களுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நூறு விழுக்காடு என்றால் என்ன? செயலகம் ஒரு நொடியில் எவ்வளவு நேரம் வேலையின்றிச் சும்மா இருந்தது என்பதைக் கணிப்பொறி குறித்துக்கொண்டே வருகிறது. சும்மா இருந்த நேரம் போக மீதிதான் பயன்பாடு. ஆகவே நூறு என்பது நோயன்று. ஓய்வில்லை என்பதன் அடையாளம். காய்ச்சல் எத்தனை என்று வெப்பமானி சொல்லும். எதனால் வந்தது என்று சொல்லாது. அதுபோலத்தான் இதுவும்.

படம் பார்ப்பது நமக்கு ஓய்வு. கணிப்பொறிக்கோ அதுதான் கடும் உழைப்பு. முழுத் தெளிவுள்ள ஒரு படத்தில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள், பெருக்கினால் 20,73,600. நொடிக்கு 25 படங்கள் என்றால் ஏறத்தாழ ஐந்து கோடிப் புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட்டு வீதம் வைத்தால் நொடிக்குப் பதினைந்து கோடி பைட்டுக்கு மேல். இதை அப்படியே வட்டில் வைக்க இயலாது. எனவே ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் சுருக்கி எழுதிவைக்கிறார்கள். விரித்துக் காட்டும் பொறுப்பு நம் வீட்டுக் கணிப்பொறியின் தலையில் விழுகிறது. ஒவ்வொரு படத்தையும் விரிக்க அதற்குக் கிடைக்கும் நேரம் 40 மில்லி நொடிதான். அதற்குள் முடியாவிட்டால் அந்தப் படம் கைவிடப்படுகிறது. நாம் காணும் "விக்கல்" இதுவே.

சுருக்கும் முறைகளும் ஆண்டுக்காண்டு மாறி வந்துள்ளன. 2003இல் எச்.264 வந்தது, 2013இல் எச்.இ.வி.சி., வி.பி.9 இரண்டும் வந்தன, 2018இல் ஏ.வி.1 வந்தது. புதிய முறை ஒவ்வொன்றும் கோப்பைச் சிறிதாக்குகிறது. அந்தச் சிக்கனத்திற்கான விலையைக் கணக்கு வேலையாக வாங்கிக்கொள்கிறது. புதுக் கணிப்பொறிகளில் இதற்கெனத் தனி வன்பொருள் இருப்பதால் மையச் செயலகத்திற்குச் சுமை தெரிவதில்லை. இன்டெல் செயலகங்களில் வி.பி.9க்கும் பத்து பிட் எச்.இ.வி.சி.க்கும் முழுமையான வன்பொருள் 2016–17இல்தான் வந்து சேர்ந்தது, ஏ.வி.1க்கு 2020இல். அதற்கு முந்திய பொறிகள் பெரும்பாலும் இந்த வேலை முழுவதையும் மென்பொருளாலேயே செய்து தீர்க்க வேண்டும். இது கிழவரைக் கூப்பிட்டு மூட்டை தூக்கச் சொல்வது போன்றது. அவர் தள்ளாடினால் குற்றம் அவருடையதா?

என் வீட்டுப் பொறியையே எடுத்துக்கொள்கிறேன். 2008இல் வெளியான இன்டெல் கோர் 2 டியோ இ7400 செயலகம், இரண்டு கருக்கள், வேகம் 2.8 கிகா ஹெர்ட்ஸ். ஓர் அலுவலகத்தில் கழித்துப்போட்டதைச் சித்தப்பா ஏலத்தில் எடுத்து வந்தார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் நுழைந்தவன் நான்தான் முதல். அடுத்தவள் என் தங்கை, பதினொன்றாம் வகுப்பு. கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களை அவள் யூடியூபில் போட்டு, பெரிய திரையில் பார்த்துக் குறிப்பெடுப்பாள். பாடம் பாதியில் விக்கினால் எழுதிய கணக்கும் பாதியில் நிற்கும். கடையில் காட்டினோம். "போர்டு போச்சு தம்பி, புதுசா எடுத்துருங்க" என்றார் கடைக்காரர். அவர் சொன்ன தொகை, கட்டட வேலைக்குப் போகும் என் தந்தையின் இரண்டு மாதக் கூலி. "நீ படிக்கிற படிப்புக்கு இதைப் பாக்க முடியாதாப்பா?" என்று அப்பா கேட்டார். இயற்பியல் படிப்பவனிடம் கேட்கத்தக்க கேள்விதான்!

நான் கைக்கொண்ட முறை எளியது. ஒரே பொறியை மூன்று வேளைகளில் பார்த்தேன்: எதுவும் ஓடாதபோது, படம் தொடங்கிய உடன், அரைமணி கழித்து. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். எந்த நிரல் எவ்வளவு தின்கிறது என்பது அதில் தெரியும்.

சும்மா இருந்தபோதே பயன்பாடு 50இல் ஆணி அடித்தாற்போல் நின்றது. இந்த எண்ணை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இரண்டு கருக்கள் உள்ள பொறியில் 50 என்றால், ஒரு கரு முழுவதையும் ஏதோ ஒரு நிரல் பிடித்துக்கொண்டு செக்குமாடாய்ச் சுற்றுகிறது என்று ஐயுறலாம். நான்கு கரு என்றால் அதே நோய் 25 என்று காட்டும். எங்கள் பொறியில் பழைய அலுவலகத்தின் அச்சுப்பொறிக்கான நிரல் ஒன்று, இல்லாத அச்சுப்பொறியை இடைவிடாது தேடிக்கொண்டிருந்தது! அதை நீக்கியதும் 50 என்பது 4 ஆயிற்று. சில வீடுகளில் கோடி என்னும் திரையரங்கு மென்பொருளின் (நூறு லட்சம் அன்று, 2014 வரை எக்ஸ்.பி.எம்.சி. என்ற பெயரில் இருந்ததுதான்) முகப்பில் செய்தி வரியை ஓடவிட்டிருப்பார்கள். அது ஓடும்வரை திரை மீண்டும் மீண்டும் வரையப்படும். பழைய பொறிக்கு அதுவே பாரம். "சிஸ்டம் இன்டரப்ட்ஸ்" என்ற வரியே உயர்ந்து நின்றால் குற்றம் நிரலில் இராது. ஏதோ ஒரு கருவியிலோ அதன் இயக்கியிலோ இருக்கும். யு.எஸ்.பி. கருவிகளை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். வேலையில்லாதபோது எகிறி, டாஸ்க் மேனேஜரைத் திறந்த கணமே அடங்கிவிடும் பயன்பாடு மிகவும் ஐயத்திற்குரியது. நம் மின்சாரத்தில் பிறருக்கு நாணயம் தோண்டும் தீநிரல்களில் சில அவ்வாறு ஒளிந்துகொள்ளும்.

இரண்டாவது வேளை. யூடியூப் படத்தின்மேல் வலப்பொத்தானை அழுத்தி "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" என்பதைத் தேர்ந்தால், எந்த முறையில் படம் வருகிறது என்று காட்டும். எங்களுக்கு விபி09 என்று வந்தது. 1080 தெளிவில் பயன்பாடு 95ஐத் தொட்டது. எச்.264 முறையிலேயே கேட்டு வாங்கும்படி செய்யும் சிறு நீட்சி நிரல்கள் உலாவிகளுக்கு உண்டு. அதைச் சேர்த்து, தெளிவையும் 720க்கு இறக்கினேன். 1280ஐ 720ஆல் பெருக்கினால் 9,21,600 புள்ளிகள். பழைய சுமையில் பாதிக்கும் குறைவு. பயன்பாடு 60இல் நின்றது. முப்பத்திரண்டு அங்குலத் திரையில், எட்டடி தள்ளி உட்காரும் என் தங்கைக்கு வேறுபாடே தெரியவில்லை.

ஆயினும் அரைமணி கழித்து மீண்டும் விக்கியது! எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அதே படம், அதே முறை, அதே தெளிவு. பயன்பாடு மட்டும் 60இலிருந்து நூறுக்கு ஏறியது. வேலை கூடவில்லை என்றால் வேலைக்காரனின் வேகம் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? வெப்பம் காட்டும் இலவச நிரல் ஒன்றை இறக்கிப் பார்த்தேன். செயலகத்தின் உள்வெப்பம் நூறு டிகிரி செல்சியசை நெருங்கியிருந்தது, வேகம் 2.8இலிருந்து 1.6க்கு இறங்கியிருந்தது. எரிந்துபோகாமல் இருக்கத் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும் ஏற்பாடு இன்டெல் செயலகங்களில் உண்டு. செயலகம் வெளியிடும் திறன், அதிர்வெண்ணுக்கும் மின்னழுத்தத்தின் இருமடிக்கும் நேர்விகிதத்தில் அமைவதால், இரண்டையும் சேர்த்துக் குறைத்தால் வெப்பம் சட்டென்று இறங்கும். ஆனால் 2.8இல் 60 விழுக்காடு பிடித்த வேலைக்கு 1.6இல் 105 விழுக்காடு தேவை. இல்லாத ஐந்துக்கு எங்கே போகும்? கடைக்காரர் "போர்டு போச்சு" என்றது இந்த ஐந்தைத்தான்.

மின்னிணைப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். விசிறிக்கும் அலுமினியச் செதில்களுக்கும் நடுவே தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. இவ்வகைக் குளிர்விப்பானை நான்கு பிளாஸ்டிக் கால்கள் பலகையில் பிடித்திருக்கும். அவற்றைக் கால்வட்டம் திருப்பி மேலே இழுத்தால் கழன்றுவிடும்; அவசரப்பட்டால் கால் ஒடியும். அடியில் இருந்த வெப்பப் பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. இரு உலோகப் பரப்புகள் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நடுவே நுண்ணிய காற்றிடைவெளிகள் உண்டு. காற்றோ வெப்பத்தை அரிதாகவே கடத்தும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் பசை. பழையதை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துப் பச்சைப்பயறு அளவு புதுப்பசை வைத்தேன். அதிகம் வைப்பது நல்லதன்று. தூசியை ஊதும்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டேன். வேலை தொடங்குமுன் பெட்டியின் இரும்பைத் தொட்டு, உடலில் உள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்வது நலம். பசைக்குழாய் நூற்றைம்பது ரூபாய், வேறு செலவில்லை.

இப்போது இரண்டு மணி நேரம் ஓடினாலும் வெப்பம் 65ஐத் தாண்டுவதில்லை. பயன்பாடும் 60ஐச் சுற்றியே நிற்கிறது.

இனி இப்பொறியால் ஆகாதவற்றையும் சொல்லிவிடுவதே நேர்மை. பத்து பிட் எச்.இ.வி.சி.யில் உள்ள 4கே படத்தை எத்தனை முறை தூசி தட்டினாலும் இது ஓட்டாது. 2017இல் வந்த என்விடியா ஜி.டி. 1030 போன்ற சிறிய அட்டை, மின்வழங்கியிலிருந்து தனிக் கம்பி கேட்காது. 30 வாட்டில் வேலை செய்து எச்.இ.வி.சி., வி.பி.9 இரண்டையும் வன்பொருளாலேயே விரித்துவிடும். ஏ.வி.1 அதற்கும் தெரியாது. பழைய ஜி.டி. 710 அட்டையை மலிவு என்று வாங்கினால் எச்.264க்கு மட்டுமே பயன்படும். வாங்குவோர் இதைக் கேட்டு வாங்க வேண்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டதால், தேர்வு விடுமுறையில் இப்பொறிக்கு லினக்ஸ் ஏற்ற எண்ணியிருக்கிறேன். அதுவரை தங்கையின் பாடம் 720இலேயே ஓடட்டும் என்று விட்டிருக்கிறேன்.