பம்பை மாற்றுமுன் பார்க்க வேண்டிய கணக்கு

அமெரிக்காவின் பெரிய மோட்டார்ஹோம்களில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அடியிலிருந்து நான்கு ஹைட்ராலிக் ஜாக்கிகள் இறங்கி வண்டியை மட்டமாக நிறுத்திவிடும். அவை மக்கர் செய்தால் பலரும் உடனே புது பம்பு அல்லது புது ஜாக்கிக்கு விலை விசாரிக்கிறார்கள். ஜாக்கி ஒன்றே பல நூறு டாலர். வண்டி நிற்கும் இடத்துக்கே வரும் மெக்கானிக்கின் மணிக்கூலி 100 டாலரைத் தாண்டிவிடும். சுமார் 20 டாலருக்குக் கிடைக்கும் மல்டிமீட்டரையும் ஒரு கம்பி பிரஷ்ஷையும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், இந்தச் செலவில் பெரும்பகுதி தேவையா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

மட்டம் என்பது வசதிக்காக மட்டும் அல்ல. இந்த வண்டிகள் பலவற்றில் இருப்பது கம்ப்ரஸர் இல்லாத, அமோனியாவில் ஓடும் குளிர்பெட்டி. அதற்குள் திரவம் தன் எடையால்தான் கீழே இறங்கிவர வேண்டும். பக்கவாட்டில் 3 பாகை, முன்பின்னாக 6 பாகை என்பது இத்தகைய பெட்டிகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் வரம்பு. 2.5 மீட்டர் அகல வண்டியில் 3 பாகை என்றால் ஒரு பக்கம் 13 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறது என்று பொருள். அந்தச் சாய்வோடு நாள்கணக்கில் ஓடினால் பெட்டியின் கொதிகலன் சூடேறிக் கெடும்.

இனி மின்சாரம். பம்பு மோட்டார் 12 வோல்ட்டில் ஓடுவது. சுமையேறும்போது 100 ஆம்பியர் இழுப்பது சாதாரணம். பேட்டரி முனையிலோ எர்த் கம்பியிலோ ரிலேயிலோ துருப்பிடித்து, 0.01 ஓம் மின்தடை கூடினால் என்ன ஆகும்? 100 ஆம்பியரில் 1 வோல்ட் அங்கேயே போய்விடும். 100 வாட் வெப்பமாக அந்த இணைப்பு சுடும். 11 வோல்ட்டில் முனகும் மோட்டாரைப் பார்த்து பம்பு போய்விட்டது என்று முடிவு கட்டுவது பெருந்தவறு. மோட்டார் ஓடும்போதே, பேட்டரி முனையில் ஒருமுறையும் மோட்டார் முனையில் ஒருமுறையும் வோல்ட் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இடையிலுள்ள ஒவ்வொரு இணைப்பையும் கழற்றித் தேய்க்க வேண்டும். பேட்டரியையும் சும்மா விடக் கூடாது. ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான்.

எண்ணெய்க் கணக்கில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். 50 மில்லிமீட்டர் விட்டமும் 40 சென்டிமீட்டர் நீட்டமும் உள்ள, ஸ்பிரிங்கால் சுருங்கும் ஜாக்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு 19.6 சதுர சென்டிமீட்டர். முழுதாக நீள 785 மில்லி எண்ணெய் வேண்டும். நான்குக்கும் சேர்த்து 3 லிட்டருக்குச் சற்று மேல். நீண்டிருக்கும்போது தொட்டியில் மட்டம் குறைந்திருப்பதைப் பார்த்து யாராவது நிரப்பிவிட்டால், ஜாக்கிகள் சுருங்கும்போது அந்த 3 லிட்டரும் திரும்பிவந்து வழியும். அதைக் கசிவு என்று நினைத்து சீல் மாற்றுவது வீண். எல்லா ஜாக்கிகளும் சுருங்கிய நிலையில்தான் மட்டம் பார்க்க வேண்டும். எந்த எண்ணெய் என்பதைத் தயாரிப்பாளர் கையேடு சொல்லும். பல வண்டிகளில் அது ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிக்கு ஊற்றும் சிவப்பு எண்ணெய்தான்.

உண்மையான கசிவுக்கும் அளவு உண்டு. 20 சொட்டு சுமார் 1 மில்லி. நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 72 மில்லி. மேலே சொன்ன ஜாக்கி 3.7 சென்டிமீட்டர் இறங்கிவிடும். வண்டி அவ்வளவு இறங்கியும் தரை காய்ந்தே கிடந்தால், எண்ணெய் வெளியே போகவில்லை, வால்வு வழியாகத் தொட்டிக்கே திரும்புகிறது. வால்வின் இருக்கையில் ஒரு தூசி மாட்டியிருந்தாலே இது நடக்கும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்தால் போதும், புது ஜாக்கி வேண்டாம்.

சில மில்லிமீட்டர் இறக்கத்துக்கு வால்வைக்கூடத் தொட வேண்டியதில்லை. எண்ணெய் ஒரு பாகை செல்சியஸுக்குச் சுமார் 0.07 விழுக்காடு சுருங்கும். குளிர்காலத்தில் மோட்டார்ஹோம்கள் திரளும் அரிசோனாவின் குவார்ட்ஸைட்டில் பகலுக்கும் இரவுக்கும் 15 பாகை வித்தியாசம் சர்வசாதாரணம். 30 சென்டிமீட்டர் நீண்ட ஜாக்கி அந்தக் குளிரில் 3 மில்லிமீட்டர் இறங்கும். இது பழுதே அல்ல.

மண்ணும் இறங்கும். 10 டன் வண்டியின் ஒரு காலில் 2.5 டன் நின்றால், 25 சென்டிமீட்டர் வட்டப் பாதம் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தும். அடியில் 60-க்கு 60 சென்டிமீட்டர் அளவுள்ள கனமான பலகை வைத்தால் அது 0.7 கிலோவாகிவிடும்.

கடைசியாக, உயிர்க் கணக்கு. குழாயில் ஊசித்துளைக் கசிவு இருக்குமோ என்று கையால் தடவாதீர்கள். 7 பார் அழுத்தமே தோலைத் துளைக்கக்கூடும்; இந்தக் குழாய்களில் 200 பார் வரை ஓடும். ஓர் அட்டையைக் காட்டிப் பாருங்கள். எண்ணெய் தோலைத் துளைத்துவிட்டால் சிறு காயமென விடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பார்க்கிங் பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை என்பதால், அவற்றைத் தரையிலிருந்து தூக்கிவிடாதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் நுழைய வேண்டாம். எடை தாங்கும் இரும்பு ஸ்டாண்டுகளை முதலில் வையுங்கள்.