கடன் இல்லாமல் ஒரு மாட்டுக் கொட்டகை

ஊரில் கொஞ்சம் நிலமும் நாலு மாடும் இருக்க, அவற்றைத் தம்பியோ அண்ணனோ பார்த்துக்கொள்ள, இங்கிருந்து பணம் அனுப்பும் குடும்பங்கள் நம் சங்கத்தில் பல. அவர்களுக்குப் பயன்படலாம் என்று எங்கள் கொட்டகை எழுந்த விவரத்தை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்கு அருகில். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல், கொல்லையில் இருந்த கீற்றுக் கொட்டகையைப் பெயர்த்துப் போட்டது. தென்னைகளும் சாய்ந்தன. "மாட்டையும் வித்துடலாம் அண்ணே, அடுத்த மழைக்கு எங்கே கட்டுறது?" என்றான் தம்பி. தென்னை போனபின் அந்தப் பால்தான் அவன் வீட்டின் அன்றாட வரும்படி. கடன் வாங்கி ஒரே மூச்சில் கட்டினாலோ, பால் காசெல்லாம் வட்டிக்குப் போய்விடும். ஆகவே ஆளுக்கு வருடம் 25,000 ரூபாய் போடுவது, அதற்குள் முடிகிற அளவே கட்டுவது என்று தீர்மானித்தோம்.

இரண்டு விதிகள் வைத்துக்கொண்டோம். முதலாவது, ஒவ்வொரு கட்டமும் முடியும்போது மாடு நிற்கத் தக்கதாக இருக்கவேண்டும். இரண்டாவது, பின்னால் மாற்ற முடியாததை முதலிலேயே முழு அளவில் செய்துவிட வேண்டும். இது ரயில்வேயில் படித்த பாடம். இன்று ஒற்றைப் பாதைதான் என்றாலும், நாளை இரட்டைப் பாதை வரும் என்று தெரிந்த இடத்தில் பாலத்தின் அஸ்திவாரத்தை இரண்டுக்கும் சேர்த்தே போடுவது உண்டு. தண்டவாளத்தைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

ஒரு பசுவுக்குக் கூரையின் கீழ் மூன்றரை சதுர மீட்டர், அதாவது சுமார் 38 சதுர அடி வேண்டும். நான்கு பசு, கன்றுகள், தீவனம் வைக்க இடம் எல்லாம் சேர்த்து 24 அடிக்கு 14 அடி என்று குறித்தோம். நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருந்தால் கோடை வெயில் உள்ளே அதிகம் விழாது.

2019-இல் பணம் முழுவதும் மண்ணுக்கடியில் போயிற்று. கொல்லையில் மழைத் தண்ணீர் நிற்கும் உயரத்தைப் பார்த்து, அதற்கு மேல் ஒன்றரை அடி தளமட்டம் உயர்த்தினோம். ஓட்டுக்கூரையின் பாரத்தைத் தாங்கும் அளவிலேயே தூண்களை எழுப்பி, அவற்றின் தலையில் இரும்புப் பட்டைகளைப் பதித்தோம். மேலே மூங்கிலும் கீற்றும்தான். "கோபுரத்துக்குப் போடற அஸ்திவாரத்துல குடிசையா?" என்று ஊரார் கேலி செய்தார்கள். ஐப்பசி மழைக்கு முன் மாடுகள் உள்ளே வந்துவிட்டன.

2020-இல் ஊரடங்கு. ஒரு செங்கல்கூட நகரவில்லை. ஆனாலும் மாடுகள் நனையவில்லை. முதல் விதியின் அருமை அப்போது புரிந்தது.

2021-இல் தரை. நாற்பதுக்கு ஒன்று என்ற வாட்டம், அதாவது ஆறு அடிக்கு ஒன்றே முக்கால் அங்குலம் இறக்கம். இது குறைந்தால் கோமியம் தேங்கிக் குளம்பு அழுகும். கூடினால் மாடு நிற்கச் சிரமப்படும். கால் வழுக்காதிருக்கக் கான்கிரீட்டில் கோடு இழுத்து, கோமியம் எருக்குழிக்குப் போக வாய்க்கால் விட்டோம். அன்றாடம் தம்பி அனுப்பும் படத்தில் அளவு நாடாவும் ரசமட்டமும் தெரியவேண்டும் என்பது என் நிபந்தனை. கொத்தனாருக்குச் சலிப்புதான். ஆனால் நான் ஊரில் இல்லாத குறையை அந்தப் படங்களே தீர்த்தன.

2022-இல் கூரை. இடித்த வீட்டிலிருந்து பழைய மங்களூர் ஓடுகளைத் தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலித்தவற்றை மட்டும் வாங்கினோம். பனங்கைகளைத் தூணில் பதித்திருந்த பட்டைகளோடு முடுக்கி, ஓரத்து ஓடுகளைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்தோம். புயல் முதலில் ஓரத்தைத்தான் கிளப்பும்.

2023-இல் தீவனத் தொட்டி, வைக்கோல் பரண், வடகிழக்குப் பருவமழைச் சாரல் அடிக்கும் வடக்கிலும் கிழக்கிலும் மட்டும் நாலடிச் சுவர். மற்ற இரு பக்கமும் திறப்பு. மாட்டுக்குக் காற்று வேண்டும்.

ஒவ்வொரு செலவையும் ஒரே நோட்டில் எழுதி, வருடக் கடைசியில் இருவரும் கையெழுத்திட்டோம். நாளை பாகப்பிரிவினை வந்தால் பிள்ளைகளுக்குள் பேச்சு வரக்கூடாது அல்லவா?

மொத்தம் இரண்டு லட்சம் ரூபாய். கடன் ஒரு ரூபாய் இல்லை. மாடு ஒன்றும் விற்கவில்லை. ஊரில் கட்ட நினைப்பவர்கள் முழுத் தொகை சேரட்டும் என்று காத்திருக்கவேண்டாம். கடைசிக் கூரையை மனதில் வைத்து முதல் அஸ்திவாரத்தைப் போடுங்கள். அடுத்த மழைக்குள் எது முடியுமோ அதை முடியுங்கள்.