பெறுபேற்றுப் பட்டியலும் கிராமத்துப் பாடசாலையும்



க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் காலத்தில் வெள்ளவத்தைக் காலி வீதியில் நடப்போர் ஒரு காட்சியைக் காணலாம். தனியார் கல்வி நிலையங்களின் வாயில்களிற் பதாகைகள் தொங்கும். அவற்றிற் சித்தியெய்திய பிள்ளைகளின் முகங்கள் நிறைந்திருக்கும். கொட்டாஞ்சேனையிலும் இக்காட்சி உண்டு. அம்முகங்களுக்குரிய பிள்ளைகள் எல்லாருங் கொழும்பிற் பிறந்து வளர்ந்தவரல்லர். அட்டனிலிருந்தும் மன்னாரிலிருந்தும் வந்து, உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்கிப் பயின்றவரும் அவர்களுள் இருப்பர். அவர்கள் விட்டுவந்த பாடசாலையைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

நம் நாட்டில் ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகள் உள்ளன. இவற்றுள் உயர்தர வகுப்பில் விஞ்ஞானப் பிரிவையுங் கொண்டவை 1ஏபி என்னும் வகையின. அவை பத்தில் ஒரு பங்களவே. கலை, வர்த்தகம் ஆகிய பிரிவுகளோடு நிற்பவை 1சி வகையின. ஏனையவற்றுட் சில பதினோராம் வகுப்போடும், பல அதற்கு முன்னரும் முடிந்துவிடுகின்றன. ஆகவே ஒரு கிராமத்துப் பிள்ளை மருத்துவத்தையோ பொறியியலையோ விரும்பினால், அவ்விருப்பத்திற்குரிய வகுப்பு அவ்வூரில் இருக்கின்றதா என்பதே முதற் கேள்வி. பிள்ளையின் திறமையைப் பற்றிய கேள்வி அதன் பின்னரே எழும்.

இனி, பாடசாலையொன்றின் பெறுபேறு ஐம்பது வீதம் என்று பட்டியலிற் காண்கிறோம் என வைத்துக்கொள்வோம். உதாரணத்திற்காகவே சொல்கின்றேன். முதலாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் சேர்ந்தனர். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சையில் முன்னின்ற நால்வர் நகரத்துப் பாடசாலைக்குச் சென்றனர். பின்னர் அறுவர் கடைக்கும் கூலிவேலைக்குமாகப் படிப்பை நிறுத்தினர். எஞ்சிய முப்பதின்மர் சாதாரணதரப் பரீட்சை எழுதிப் பதினைவர் தேறினர். நகரத்துப் பாடசாலையோ தெரிந்தெடுத்த பிள்ளைகளையே ஆறாம் வகுப்பிற் சேர்த்து, தொண்ணூறு வீதம் என்று பெயர் பெறுகின்றது. அந்த நால்வரும் அந்தத் தொண்ணூறுக்குள் அடங்கிவிடுகின்றனர். விதைநெல்லைப் பிறர் கொண்டுசென்றபின் விளைச்சல் எங்கே என்று வயலைக் கேட்பது போலும் இது. போன நால்வரைப் பட்டியல் சொல்லாது. நின்றுவிட்ட அறுவரையுஞ் சொல்லாது.

புலமைப்பரிசில் இதற்காகவா ஏற்பட்டது? கன்னங்கரா அவர்களின் காலத்துக்குச் செல்வோம். 1884ஆம் ஆண்டு அம்பலாங்கொடைக்கு அண்மையிற் பிறந்த அவர், தாமே புலமைப்பரிசில் பெற்றுக் காலி றிச்மண்ட் கல்லூரியிற் பயின்றவர். 1931 முதல் 1947 வரை கல்வியமைச்சராய் இருந்தார். 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதனோடு கூட அவர் செய்த மற்றொரு பெருங்காரியம், நாட்டுப்புறங்களில் ஐம்பதுக்கு மேற்பட்ட மத்திய கல்லூரிகள் எழ வழிசெய்தமை. விஞ்ஞான ஆய்வுகூடமும் விடுதியும் உடைய அக்கல்லூரிகளுக்கு ஏழைப்பிள்ளைகளைத் தெரிவதற்கே பரீட்சை வைக்கப்பட்டது. பிள்ளையை நகரத்துக்கு அனுப்பாமல், நல்ல கல்லூரியைக் கிராமத்துக்கு அனுப்புவது அதன் கருத்து. அது வீண்போகவில்லை. மட்டக்களப்பு வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தின் வளவிலேதான் 1981இற் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. நாளடைவில் அப்பரீட்சை, புகழ்பெற்ற நகரப் பாடசாலைகளில் இடம்பிடிக்கும் போட்டியாகவும் மாறிவிட்டது. பத்து வயதுப் பிள்ளைகள் அதற்காக மாலைதோறும் தனிவகுப்புக்குச் செல்கின்றனர். பெயர் அதுவே, போக்குத்தான் எதிராகிவிட்டது.

மலைநாட்டுத் தோட்டப் பாடசாலைகளின் கதை இதனினுந் துயரமானது. 1960-61இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் ஏற்றபோது தோட்டப் பாடசாலைகள் புறத்தே நின்றன. 1970களின் பிற்பகுதியிலேதான் அவற்றை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது. அதுவரை பெரும்பாலானவை ஓராசிரியரோடு கீழ்வகுப்புகளை மட்டும் நடத்திய சிறு கட்டடங்களே. பல தலைமுறை பின்தங்கித் தொடங்கிய ஒரு பாடசாலையின் வீதத்தை நூறாண்டுக் கல்லூரியொன்றின் வீதத்தோடு ஒரே நிரலில் எழுதுவது கணக்கிற் சரியாயிருக்கலாம், நியாயத்திற் சரியன்று.

இந்த ஏற்றத்தாழ்வைச் சீர்செய்யப் பல்கலைக்கழக அனுமதியிற் செய்த முயற்சிகள் நம்மவருக்கு ஆறாத புண்ணையும் தந்துள்ளன. 1971இற் பொறியியலுக்குத் தமிழ்மொழி மூலம் எழுதியோர் 250 புள்ளியும், சிங்கள மொழி மூலம் எழுதியோர் 227 புள்ளியும் பெறவேண்டியிருந்தது. மொழியைக் கொண்டு அளந்த அநீதி அது. 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு வேறு வகையானது. யாழ்ப்பாணமுங் கொழும்பும் அதனால் இடங்களை இழந்தன. மன்னார், வவுனியா, மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கோ முன்பு காணாத வாயில் திறந்தது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவோர் கிராமத்துத் தமிழ்ப்பிள்ளையை மறந்துவிடுகின்றனர் என்பது என் எண்ணம்.

இக்காலத்திற் பெரும்பாலான துறைகளில் நூற்றுக்கு நாற்பது இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், ஐம்பத்தைந்து மாவட்டங்களுக்கும், ஐந்து கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. 2001 முதல் இசட் புள்ளி என்னும் அளவை வழங்குகின்றது. ஒரு பாடத்தின் சராசரி 40, புள்ளிகளின் நியம விலகல் 15 எனின், 55 பெற்றவருக்கு இசட் புள்ளி ஒன்று. வேறொரு பாடத்தில் சராசரி 60, விலகல் 10 எனின், 70 பெற்றவருக்கும் அதுவே. பாடங்களின் கடினம் இவ்வாறு சமன் செய்யப்படுகின்றது. பிள்ளை படித்த வீட்டின் கடினத்தைச் சமன் செய்யும் சூத்திரம் இதில் இல்லை.

பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகள் எம்மாவட்டப் பாடசாலையிற் பயின்றார் என்பதே பொதுவாக மாணவரின் மாவட்டத்தைத் தீர்மானிக்கின்றது. நுவரெலியா மாவட்டத்திற் கொழுந்து பறிக்குந் தாயொருத்தியை எண்ணிப் பாருங்கள். வெள்ளவத்தையில் இருக்குந் தம்பி, “அக்கா, பிள்ளையை இங்கே விடுங்கள், விஞ்ஞானம் படிக்கட்டும்” என்கிறார். விட்டால் ஆய்வுகூடமும் ஆசிரியருங் கிடைப்பர். ஆனால் கொழும்பு மாவட்டத்தின் உயர்ந்த வெட்டுப்புள்ளியைத் தாண்டவேண்டும். விடாவிட்டால் தாழ்ந்த வெட்டுப்புள்ளி உண்டு. அதை எட்டக் கற்பிக்கும் வகுப்பு அயலில் இல்லை. கொட்டாஞ்சேனைத் தோட்டக்குடியிருப்பில் ஓரறை வீட்டிலிருந்து துறைமுகக் கூலியாளின் மகள் பரீட்சைக்குச் செல்கின்றாள். அவளுக்கும் கறுவாத்தோட்டத்து மாளிகைப் பிள்ளைக்கும் வெட்டுப்புள்ளி ஒன்றே. மாவட்டம் என்னும் அளவுகோல் அவ்வளவு பெரியது. ஒரு தெருவுக்கும் மறுதெருவுக்கும் உள்ள வேறுபாடு அதற்குத் தெரியாது.

கிராமத்து அதிபர் ஒருவர் இவ்வாண்டுப் பெறுபேற்றை எழுதும்போது, வீதத்தின் பக்கத்தில் இன்னும் மூன்று எண்களை எழுதலாம்: முதலாம் வகுப்பிற் சேர்ந்தோர் எத்தனை பேர், புலமைப்பரிசிலோடு வெளியேறியோர் எத்தனை பேர், இடையில் நின்றோர் எத்தனை பேர் என்பன. இவை மூன்றும் அவருடைய அலுவலக அலுமாரியிலுள்ள சேர்வு இடாப்பிலேயே கிடக்கின்றன.